கானோவில் சட்டம் ஆளைப் பார்த்து வரும்

நைஜீரியாவில் வேலை என்று ஆஃபர் லெட்டர் கைக்கு வந்ததும் எனக்குப் போன் போடுகிற பையன்கள் முதலில் சம்பளத்தைப் பற்றிக் கேட்பார்கள். அடுத்தது மலேரியா. அப்புறம் கொஞ்சம் தயங்கிவிட்டு, "அண்ணே, அங்க கையை வெட்டுவாங்களாமே?" என்பார்கள். வட நைஜீரியாவில் கானோ நகரத்தில் 2014 முதல் 2022 வரை ஒரு பிளாஸ்டிக் தொழிற்சாலையின் நிர்வாகப் பிரிவில் இருந்தேன். ஆள் எடுப்பது, சம்பளம், போலீஸ், கோர்ட்டு, தொழிலாளர் சண்டை எல்லாம் கடைசியில் என் மேசைக்குத்தான் வரும். அதனால் என்னைக் கேட்கிறார்கள். வெட்ட மாட்டார்கள் என்று சொல்லிப் போனை வைத்துவிடலாம்தான். ஆனால் எதற்குப் பயப்பட வேண்டுமோ அதற்குப் பயப்படாமல் போய் இறங்குவார்கள்.

கையை வெட்டும் அந்தச் சட்டம், அதாவது இஸ்லாமியச் சட்டமான ஷரீஆ, வந்த கதை தெரியாமல் மீதி புரியாது. 1999-ல் ராணுவ ஆட்சி முடிந்து தேர்தல் வந்தது. அங்கே மாநில ஆளுநர் என்றால் ஓட்டு வாங்கி ஜெயித்து வருபவர், நம்மூர் முதலமைச்சரின் இடத்தில் இருப்பவர். ஸம்ஃபாரா மாநில ஆளுநர் அஹ்மத் சானி, ஷரீஆவைக் குற்றவியல் சட்டமாகவே கொண்டுவருகிறேன் என்று அறிவித்து 2000 ஜனவரியில் அமலுக்குக் கொண்டுவந்தார். அதற்கு முன்பும் ஷரீஆ அங்கே இருந்தது, ஆனால் கல்யாணம், விவாகரத்து, சொத்துப் பங்கீடு என்ற அளவோடு. திருட்டும் மதுவும் கள்ள உறவும் அதற்குள் வந்தது அப்போதுதான். பக்கத்து மாநிலத்து ஜனங்கள் தங்கள் ஆளுநர்களைச் சும்மா விடவில்லை. லஞ்சத்தையும் ஊழலையும் பார்த்து அலுத்துப்போனவர்களுக்கு, இறைவனின் சட்டம் வந்தால் பெரிய மனிதர்களும் மாட்டுவார்கள் என்று ஒரு நம்பிக்கை. வடக்கின் 12 மாநிலங்களில் வந்துவிட்டது. கதூனாவில் 2000 பிப்ரவரியில் கிறிஸ்தவர்களின் எதிர்ப்பு ஊர்வலம் கலவரமாகி ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள்.

கானோவில் அப்போது ஆளுநராக இருந்த ரபியு முசா குவான்குவாஸோ அரைமனதோடுதான் கையெழுத்துப் போட்டார். அந்த அரைமனது ஊருக்கே தெரிந்திருந்தது. 2003 தேர்தலில் தோற்றார். ஜெயித்த இப்ராஹிம் ஷெகாராவ், பள்ளித் தலைமையாசிரியராக இருந்து வந்தவர். ஹிஸ்பா என்ற ஒழுக்கக் காவல் அமைப்பை அரசு வாரியமாக்கினார். அங்கே ஷரீஆவை அரசியலிலிருந்து பிரித்துப் பார்க்கவே முடியாது. ஓட்டு அதில் இருக்கிறது, வேலைவாய்ப்பும் அதில் இருக்கிறது. ஹிஸ்பாவில் சேர்ந்தால் சீருடை உண்டு, மாதாமாதம் கொஞ்சம் பணம் உண்டு.

இதே நாட்டின் அரசியல் சாசனத்தில் 10-வது பிரிவு, மத்திய அரசோ மாநில அரசோ எந்த மதத்தையும் அரச மதமாக ஏற்கக் கூடாது என்கிறது. 38-வது பிரிவு மத சுதந்திரம் தருகிறது, மதம் மாறும் உரிமை உட்பட. ஒரே குற்றத்துக்கு முஸ்லிமுக்கு ஒரு தண்டனை, மற்றவருக்கு ஒரு தண்டனை என்பது சாசனத்துக்கு விரோதம் என்று 2002-ல் மத்திய சட்ட அமைச்சர் கனு அகாபி ஆளுநர்களுக்குக் கடிதமே எழுதினார். யாரும் சட்டை செய்யவில்லை. வழக்குப் போட்டு உச்ச நீதிமன்றம் வரை இழுக்க மத்திய அரசுக்கும் துணிச்சல் இல்லை. வடக்கின் ஓட்டு இல்லாமல் அங்கே யாரும் ஜனாதிபதி ஆக முடியாது. சாசனமும் ஷரீஆவும் பக்கத்தில் பக்கத்தில் அப்படியே கிடக்கின்றன.

நமக்குத் தொடர்புள்ள ஒரு விஷயம். போலீஸ் ஸ்டேஷனில் முதல் தடவை உட்கார்ந்தபோது அந்த அதிகாரி, "எஃப்.ஐ.ஆர். போட்டுவிடலாமா?" என்று கேட்டார். ஈரோட்டில் கேட்ட அதே வார்த்தை. விசாரித்ததில், வட நைஜீரியாவின் 1960-ம் ஆண்டு தண்டனைச் சட்டம் சூடானின் சட்டத்தைப் பார்த்து எழுதப்பட்டது, சூடானியச் சட்டம் 1860-ம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டத்தைப் பார்த்து எழுதப்பட்டது என்று தெரிந்தது. மத உணர்வைப் புண்படுத்துவது குற்றம் என்கிற பிரிவு உட்பட, அந்த இந்தியச் சட்டத்தை எழுதிய மெக்காலேயின் கைவண்ணம் சஹாராவுக்குக் கீழே வரை போயிருக்கிறது. இதை ஒரு வேடிக்கைச் செய்தியாக மட்டும் எடுத்துக்கொள்ளாதீர்கள். பின்னால் வேலைக்கு வரும்.

நடைமுறைக்கு வருகிறேன். கானோவில் ஷரீஆ தண்டனைச் சட்டம் முஸ்லிம்களுக்கு. மற்றவர்கள் தாங்களாகச் சம்மதித்தால் ஒழிய மாஜிஸ்திரேட் கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும். கேட்க நிம்மதியாக இருக்கும். ஆனால் நீங்கள் தனியாக வாழப் போவதில்லையே. பீர் உதாரணத்தைச் சொன்னால் புரியும். ஆங்கிலேயர் காலத்தில் தெற்கிலிருந்து வந்த ரயில்வேக்காரர்களுக்கும் கிளார்க்குகளுக்கும் என்று கட்டிய சபோன் காரி என்ற பகுதி இருக்கிறது. தெற்கத்திய இனத்தவரான இக்போக்கள், யொருபாக்கள், அவர்களின் சர்ச்சுகள், பார்கள் எல்லாம் அங்கே. சனிக்கிழமை சாயங்காலம் நம்மவர்கள் அங்கே போவார்கள். குடித்த உங்களை யாரும் ஒன்றும் செய்ய மாட்டார்கள். நாலு பாட்டில் வாங்கி கம்பெனி காரின் டிக்கியில் போட்டீர்கள் என்றால், ஓட்டுகிற டிரைவர் முஸ்லிம். ஹிஸ்பா வழியில் மறித்தால் பதில் சொல்ல வேண்டியவர் அவர். 2013 நவம்பரில் ஹிஸ்பா ஒரே நாளில் 2,40,000 பீர் பாட்டில்களை மைதானத்தில் பரப்பி நசுக்கியது. அதையெல்லாம் ஏற்றி வந்த லாரிகளுக்கும் டிரைவர்கள் இருந்திருப்பார்கள் அல்லவா. எங்கள் கம்பெனியில் எழுதாத விதி ஒன்று இருந்தது: வேண்டுமென்றால் அங்கேயே குடித்துவிட்டு வா, வண்டியில் ஏற்றாதே.

ரம்ஜான் மாதமும் இப்படித்தான். பகலில் நீங்கள் சாப்பிடலாம். உங்களுக்குச் சமைத்துக் கொடுத்த பையன் ருசி பார்த்ததாக யாராவது சொன்னால் அவன் பாடு திண்டாட்டம். பெண் ஊழியருக்கு லிஃப்ட் கொடுப்பது, பேக்கிங் பிரிவில் வேலை செய்யும் பெண்களைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடுவது, எல்லாவற்றுக்கும் இதே கணக்கு. உங்கள் செயலுக்கான விலையை வேறொருவர் கொடுப்பார். எட்டு மணிக்கு ஷிஃப்ட் முடிந்தால் பெண்களுக்கு ஆட்டோ ஏற்பாடு செய்வது நிர்வாகத்தின் வேலை. 2005-ல் ஷெகாராவ் அரசு பெண்கள் வாடகை மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்காரத் தடை போட்டு, அவர்களுக்காக ஆட்டோக்களை இறக்கியது. திட்டத்துக்கு வைத்த 'அ தைதைத்தா சாஹு' என்ற பெயர் ஆட்டோவுக்கே நிலைத்துவிட்டது. 2013-ல் எமிரின், அதாவது கானோவின் பாரம்பரிய மன்னரின், வாகன வரிசையை மோட்டார் சைக்கிளில் வந்தவர்கள் துப்பாக்கியோடு தாக்கிய பிறகு வாடகை மோட்டார் சைக்கிளே மொத்தமாக ஒழிந்தது. இன்று அந்த ஊர்த் தெருவெல்லாம் நம் பஜாஜும் ஓசூர் டி.வி.எஸ்ஸும்தான்.

கைவெட்டு விஷயத்துக்கு வருகிறேன். ஸம்ஃபாராவில் 2000-லும் 2001-லும் திருட்டுக்காகக் கை வெட்டப்பட்டது உண்மை. அப்புறமும் பல மாநிலங்களில் கோர்ட்டுகள் அந்தத் தண்டனையைச் சொல்லியிருக்கின்றன. ஆளுநர்கள் நிறைவேற்றக் கையெழுத்துப் போடாமல் இழுத்தடித்தார்கள். எங்கள் ஸ்டோரில் செம்புக் கம்பிச் சுருள்கள் காணாமல் போய், உதவியாளன் ஒருவன் மாட்டினான். முஸ்லிம் பையன், இருபத்தைந்து வயதிருக்கும். எந்தக் கோர்ட்டுக்குப் போவது என்று எனக்குக் குழப்பம். எங்கள் பர்சனல் மேனேஜர் உள்ளூர்க்காரர், ஹஜ் முடித்தவர், எல்லோருக்கும் அவர் 'அல்ஹாஜி'. அவர் விளக்கினார்: மாஜிஸ்திரேட் கோர்ட்டில் போட்டால் வாய்தா வாய்தாவாக வருடக்கணக்கில் ஓடும், உங்கள் கம்பி திரும்பி வராது. ஷரீஆ கோர்ட்டில் போட்டால் சீக்கிரம் முடியும், பிரம்படியோ சிறையோ அபராதமோ கிடைக்கும். கை போகாது, ஏனென்றால் ஸ்டோர் சாவி அவனிடமே இருந்தது. நம்பி ஒப்படைத்த பொருளை எடுப்பது நம்பிக்கை மோசடி, அந்தத் திருட்டுக் கணக்கில் சேராது. மூன்றாவதாக ஒரு வழி இருக்கிறது ஓகா, என்றார். முதலாளியை, மேலதிகாரியை அங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள். அந்தப் பகுதியின் மாய் உங்குவா, அதாவது எமிரின் அதிகாரச் சங்கிலியில் கடைசிப் படியில் இருக்கும் தெருத் தலைவர் வீட்டுக்குப் போனோம். பையனின் அப்பா வந்தார். தவணையில் கட்டுவதாக எழுதிக் கொடுத்தார், கட்டவும் செய்தார். பையனை வேலையை விட்டு எடுத்தோம். போலீஸுக்கு ஒரு சமரசக் கடிதம் போனது.

ஊரில் முக்கால்வாசித் தகராறு இப்படித்தான் முடிகிறது. இதை நான் புகழவில்லை. பெண் தொடர்பான வழக்குகளில் இந்தச் சமரசம் பல நேரம் அநியாயமாகவே முடியும். அடித்த புருஷனோடு மறுபடி சேர்த்து அனுப்பிவிடுவார்கள். அதே சமயம், எங்கள் பேக்கிங் பிரிவில் இருந்த ஒரு பெண் அப்படிப்பட்ட புருஷனை விட்டு வெளியே வந்தது ஷரீஆ கோர்ட்டு வழியாகத்தான். கல்யாணத்தில் புருஷனிடம் வாங்கிய மஹரைத் திருப்பிக் கொடுத்து விவாகரத்துக் கேட்டாள். வக்கீல் வைக்கவில்லை. நீதிபதி அந்த ஊர் மொழியான ஹவுஸாவில் பேசினார், அவளும் ஹவுஸாவில் பேசினாள், சில வாரங்களில் காகிதம் கையில். ஆங்கிலம் பேசும் கோர்ட்டுக்கு அவள் போயிருக்கவே மாட்டாள். ஷரீஆ என்றாலே பெண்ணுக்கு எதிரி என்று எழுதுகிறவர்கள் காலையில் அந்தக் கோர்ட்டு வாசலில் போய் நின்று பார்க்க வேண்டும். வரிசையில் நிற்பதில் நிறையப் பேர் பெண்கள்.

உலகமே பேசிய கல்லெறி வழக்குகளிலும் கோர்ட்டு நடைமுறைதான் உயிரைக் காப்பாற்றியது. சொகோட்டோவின் சஃபியா ஹுசைனி, கட்சினாவின் அமினா லாவல், இருவருக்கும் கல்லெறிந்து கொல்லும் தண்டனை விதிக்கப்பட்டது, கல்யாண உறவுக்கு வெளியே பிள்ளை பெற்றார்கள் என்று. சஃபியா 2002 மார்ச்சிலும் அமினா 2003 செப்டம்பரிலும் மேல்முறையீட்டில் விடுதலை ஆனார்கள். விடுவித்தது ஷரீஆ மேல்முறையீட்டு நீதிமன்றங்களேதான். அமினாவின் வழக்கில் நாலு நீதிபதிகள் ஒரு பக்கம், ஒருவர் மறுபக்கம். மூன்று நீதிபதிகள் உட்கார வேண்டிய விசாரணையில் ஒருவரே உட்கார்ந்தார், வாக்குமூலத்தை அவள் திரும்பப் பெறலாம் என்ற மாதிரி காரணங்கள். வக்கீல் ஹௌவா இப்ராஹிம், அங்கே பின்பற்றும் இஸ்லாமியச் சட்டப் பிரிவான மாலிகி மத்ஹபின் நூல்களை வைத்தே வாதாடினார்; 2005-ல் ஐரோப்பிய நாடாளுமன்றத்தின் சாகரோவ் பரிசு அவருக்குக் கிடைத்தது. ஆண்களின் கதை என்ன ஆனது என்று கேட்காதீர்கள். மறுத்தார்கள், சாட்சி இல்லை, வீட்டுக்குப் போனார்கள். மாட்டினவர்கள் ஏழைக் கிராமத்துப் பெண்களும் மாடு திருடியவர்களும்தான். கஜானாவைத் திருடிய ஒருவருக்கும் விரல் நுனிகூடப் போகவில்லை. 'இது அரசியல் ஷரீஆ' என்று எங்கள் தொழிலாளர்களே டீ குடிக்கும்போது சொல்வார்கள்.

இனி பயப்பட வேண்டிய விஷயம். நபியை அவமதித்தான், வேதத்தை அவமதித்தான் என்று ஒரு குரல் எழுந்தால் அந்த ஊரில் எந்தக் கோர்ட்டும் உடனே வந்து நிற்காது. கூட்டம்தான் வரும். 1994 டிசம்பரில் கிடியன் அகலூக்கா என்ற இக்போ வியாபாரியைப் பாதுகாப்புக்காகச் சிறையில் வைத்திருந்தார்கள். சிறைக்குள்ளே புகுந்து கொன்றார்கள். அப்போது இந்தக் குற்றவியல் ஷரீஆ கானோவில் இல்லவே இல்லை என்பதைக் கவனியுங்கள். 2016-ல் கோஃபார் வம்பாய் சந்தையில் பிரிட்ஜெட் அக்பஹிமே என்ற வியாபாரிப் பெண் கொல்லப்பட்டார். பிடிபட்டவர்கள் மேல் வழக்கே இல்லை என்று மாநில அரசு சொல்ல, கோர்ட்டு அவர்களை விடுவித்தது. 2022 மே 12 அன்று சொகோட்டோவில் டெபோரா சாமுவேல் என்ற கல்லூரி மாணவி, வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் போட்ட ஒரு குரல் பதிவுக்காகக் கல்லூரி வளாகத்திலேயே கொல்லப்பட்டார். இரண்டு பேர் மேல் வழக்கு வந்தது, கொலைக் குற்றச்சாட்டு இல்லாமல்.

எனக்குப் புரிய நாளான ஒரு கணக்கு உண்டு: கிறிஸ்தவர் மாட்டினால் கூட்டம், முஸ்லிம் மாட்டினால் கோர்ட்டு. கானோவின் ஷரீஆ கோர்ட்டுகள் இந்தக் குற்றத்துக்கு மரண தண்டனை விதித்தது முஸ்லிம்களுக்கே. பெரும்பாலும் சூஃபி வழிகளுக்குள்ளே நடக்கும் சண்டை அது. 2020-ல் யஹாயா ஷரீஃப்-அமினு என்ற இளம் பாடகர், திஜானிய என்ற சூஃபி வழியின் செனகல் நாட்டு ஞானி இப்ராஹிம் நியாஸைப் புகழ்ந்து பாடி வாட்ஸ்அப்பில் அனுப்பிய பாட்டு நபியைவிட அவரை உயர்த்துகிறது என்று வழக்கு. கூட்டம் அவர் வீட்டைக் கொளுத்தியது. வக்கீல் இல்லாமலே விசாரணை நடந்து மரண தண்டனை. 2022-ல் காதிரிய என்ற இன்னொரு சூஃபி வழியின் ஷேக் அப்துல்ஜப்பார் நசீரு கபாராவுக்கும் அதே தண்டனை. மதமே வேண்டாம் என்ற முபாரக் பாலாவை மட்டும் ஷரீஆ கோர்ட்டு தொடவில்லை. ஃபேஸ்புக் பதிவுகளுக்காக 2020 ஏப்ரலில் கைதாகி, குற்றப்பத்திரிகையே இல்லாமல் ஒரு வருடத்துக்கும் மேல் உள்ளே இருந்தார். 2022 ஏப்ரலில் 24 ஆண்டு கொடுத்தது மதச்சார்பற்ற உயர் நீதிமன்றம். மெக்காலேயின் பேரப்பிள்ளையான அந்தத் தண்டனைச் சட்டத்தின் கீழேதான். மேல்முறையீட்டில் ஐந்து ஆண்டாகக் குறைந்து, 2025 ஜனவரியில் வெளியே வந்தார். ஆகவே ஷரீஆவை எடுத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்பதை நான் நம்புவதில்லை.

இது எங்கள் ஷெட்டுக்குள்ளேயே வந்தது. பிளாஸ்டிக் குருணை 25 கிலோ மூட்டைகளில் சவூதியிலிருந்து வரும். மூட்டை மேல் ஆங்கிலத்திலும் அரபியிலும் அச்சு. காலி மூட்டையை வீணாக்காமல் எண்ணெய் சிந்துகிற இடத்தில் தரையில் விரிப்பது எல்லாத் தொழிற்சாலையிலும் வழக்கம். தெற்கத்திய மெக்கானிக் ஒருவர், பெந்தெகொஸ்தே ஆள், அதன்மேல் நின்று ஊசிவார்ப்பு மெஷினைக் கழற்றிக்கொண்டிருந்தார். லோடிங் ஆள் ஒருவன் பார்த்துவிட்டு, வேத எழுத்தைக் காலால் மிதிக்கிறான் என்று கத்தினான். இரண்டு பேருக்கும் ஓவர்டைம் விஷயத்தில் ஏற்கெனவே ஆகாது. ஐந்து நிமிடத்தில் ஐம்பது பேர் கூடிவிட்டார்கள்.

அல்ஹாஜி செய்ததை வரிசையாகச் சொல்கிறேன், ஒவ்வொன்றிலும் பாடம் இருக்கிறது. யார் சரி, யார் தப்பு என்று அவர் பேசவே இல்லை. மெஷினை நிறுத்தச் சொன்னார், சத்தம் அடங்கட்டும் என்று. லுஹர் என்ற மதியத் தொழுகைக்கு இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது. தொழுகைக்குப் போவோம், முடித்துவிட்டு இமாமை வைத்துப் பேசுவோம் என்றார். தொழுகை என்று சொன்ன பிறகு மறுத்துப் பேச அங்கே யாருக்கும் வாய் வராது. எல்லோரும் உளூ செய்ய, அதாவது தொழுகைக்கு முன் கைகால் கழுவப் போன நேரத்தில் மெக்கானிக்கைப் பின்கேட் வழியாகத் தன் சொந்தக் காரில் ஏற்றி அனுப்பினார். கம்பெனி வண்டியில் இல்லை; அதை எல்லோருக்கும் தெரியும். என்னை ஆபீஸ் அறையை விட்டு வெளியே வரவே கூடாது என்றார். எனக்குக் கோபம்தான், ஆனால் வெளிநாட்டுக்காரன் நடுவில் நின்றால் தகராறுக்கு இன்னொரு தரப்பு முளைக்கும் என்பது அவர் கணக்கு. தொழுகை முடிந்து இமாம் மூட்டையை வாங்கிப் பார்த்தார். சத்தமாகப் படித்துக் காட்டினார்: நிகர எடை 25 கிலோ, ஈரம் படாமல் வைக்கவும். சிலர் சிரித்தார்கள். கத்தியவன் சிரிக்கவில்லை, எழுத்து எழுத்துதானே என்றான். இமாம் அவனைக் கண்டிக்கவில்லை, நீ மரியாதையால் சொன்னாய் என்று முதுகைத் தட்டினார். அதுவும் முக்கியம். அவனுக்குத் தலைகுனிவு வந்திருந்தால் சாயங்காலம் கேட்டுக்கு வெளியே வேறு கூட்டம் கூடியிருக்கும்.

மெக்கானிக் மூன்று வாரம் ஊரில் இருந்துவிட்டு வந்தார், சம்பளத்தோடு. அவர் தப்பே செய்யவில்லை, அவரைத்தான் ஊருக்கு அனுப்பினோம்; நியாயம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அன்றிலிருந்து காலி மூட்டைகளை உள்பக்கம் வெளியே தெரியும்படி புரட்டித்தான் விரிப்போம். கழிவுக் காகிதத்தை எரிக்கும் முன் அரபி எழுத்து இருக்கிறதா என்று பார்த்துப் பிரிக்க ஒரு மல்லமை, அதாவது மார்க்க ஆசிரியரைப் போட்டோம். கானோவில் தொழிற்சாலை நடத்தப் போகிற யாரும் முதல் வாரத்திலேயே செய்ய வேண்டிய வேலை இவை இரண்டும். அப்புறம் வாட்ஸ்அப். கம்பெனி குழுவில் ஷிஃப்ட் நேரம், லோடு விவரம் தவிர வேறெதுவும் வரக் கூடாது. "வெள்ளிக்கிழமை வாழ்த்துகள்" கூட வேண்டாம். வாழ்த்துக்கு யாராவது பதில் போடுவார்கள், பதிலுக்குப் பதில் வரும்.

ஊர்க்காரர்களின் சந்தேகத்தைப் பார்த்துச் சிரிக்காதீர்கள் என்று ஒன்று சேர்க்க வேண்டும். 2003-ல் கானோ போலியோ சொட்டு மருந்தை நிறுத்தி வைத்ததைப் பற்றி உலகமே கேலி பேசியது. அதற்கு ஏழு வருடம் முன், 1996-ல் மூளைக்காய்ச்சல் பரவிய நேரத்தில், ஃபைசர் கம்பெனி இதே கானோவின் குழந்தைகளிடம் தன் புது மருந்தைச் சோதித்தது. அந்தச் சோதனையில் 11 குழந்தைகள் இறந்தார்கள், 2009-ல் 7.5 கோடி டாலருக்குச் சமரசம் ஆனது. எங்கள் கம்பெனி மருத்துவ முகாமில் ஊசி என்றதும் எழுந்து போனவர்கள் இதைப் பார்த்து வளர்ந்தவர்கள்.

போலீஸ் பற்றி. சாசனத்தின் 35-வது பிரிவை எல்லோரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும்: 40 கிலோமீட்டருக்குள் கோர்ட்டு இருந்தால் பிடித்தவரை ஒரு நாளுக்குள் ஆஜர்படுத்த வேண்டும். கானோ நகரத்தில் எந்த ஸ்டேஷனிலிருந்தும் அந்தத் தூரத்துக்குள் கோர்ட்டு உண்டு. 'ஜாமீன் இலவசம்' என்று ஸ்டேஷன் சுவரில் எழுதியிருக்கும், அதன் கீழேயே உட்கார்ந்து பேரம் பேசுவார்கள். தொழிலாளி பிடிபட்டால் நாங்கள் செய்வது ஒன்றே: அல்ஹாஜியும் வக்கீலும் அன்றைக்கே ஸ்டேஷனுக்குப் போய், வந்ததை ரிஜிஸ்டரில் எழுத வைப்பார்கள். வந்து கேட்க ஆள் இருக்கிறது என்று தெரிந்தால் நடத்தையே மாறும். ஹிஸ்பாவுக்குக் கைதியை வைத்து விசாரிக்கும் போலீஸ் அதிகாரம் கிடையாது. பிடித்தால் ஒப்படைக்க வேண்டும். வாதாடாமல் பணிவாக, "எந்த ஸ்டேஷனில் ஒப்படைப்பீர்கள்?" என்று கேட்டால் போதும். உங்கள் குடியிருப்பு அனுமதி அட்டையின் நகல் எப்போதும் பையில் இருக்கட்டும். அதை செர்பாக் என்பார்கள்.

அரசியலில் மூக்கை நுழைக்காமல் இருப்பது அங்கே சுலபமில்லை, அரசியல் உங்கள் ஷெட்டுக்கு வந்துவிடும். 2020 மார்ச்சில் எமிர் சனூசி லமிடோ சனூசியை மாநில அரசு பதவியிலிருந்து இறக்கியது. மத்திய வங்கி ஆளுநராக இருந்தவர். வசதி இல்லாதவன் நாலு கல்யாணம் செய்யக் கூடாது என்று சட்டம் வேண்டும் என்று பேசியவர். தொழிற்சாலையில் இரண்டு கட்சி ஆகிவிட்டது. 2024-ல் புது அரசு அவரைத் திரும்பக் கொண்டுவந்து, இடையில் எமிராக இருந்தவரும் ஊரை விட்டுப் போகாமல், ஒரே ஊரில் இரண்டு எமிர், இரண்டு அரண்மனை என்று ஆனது. எங்கள் மாதிரிக் கம்பெனிக்கு இதில் உள்ள சிக்கல், பெருநாள் அன்பளிப்பை எந்த அரண்மனைக்கு அனுப்புவது என்பது. இப்போது அங்கே இருக்கிற நண்பர் எதற்குமே அனுப்பாமல், தெருத் தலைவரோடு நிறுத்திக்கொண்டார். நல்ல முடிவு.

யஹாயாவின் வழக்கு இன்னும் ஓடுகிறது. 2021 ஜனவரியில் உயர் நீதிமன்றம் தண்டனையை ரத்து செய்து மறுவிசாரணைக்கு அனுப்பியது. 2022-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதையே உறுதி செய்து, சட்டம் செல்லும் என்றது. உச்ச நீதிமன்றத்துக்குப் போயிருக்கிறது. மேற்கு ஆப்பிரிக்க நாடுகளின் கூட்டமைப்பான எக்கோவாஸின் நீதிமன்றம் 2025 ஏப்ரலில் கானோவின் இந்தச் சட்டப் பிரிவுகள் மனித உரிமைக்கு முரண் என்று தீர்ப்பளித்தது. பாடினதாகச் சொல்லப்பட்டபோது அவருக்கு 22 வயது. அந்த வயதிலிருந்து சிறையில்தான் இருக்கிறார்.

போக நினைக்கிறவர்கள் கையெழுத்துப் போடும் முன் கம்பெனியிடம் மூன்று கேள்வி கேளுங்கள். கானோவிலேயே இருக்கிற வக்கீல் யார்? உள்ளூர் பர்சனல் மேனேஜர் யார், எத்தனை வருடமாக இருக்கிறார்? தொழிற்சாலைக்குள் தகராறு வந்தால் முதல் பத்து நிமிடத்துக்கு யார் பொறுப்பு? "அதெல்லாம் எம்.டி. பார்த்துக்குவார்" என்று பதில் வந்தால், நான் தெற்கே லாகோஸில் வேறு வேலை தேடச் சொல்லிவிடுவேன்.